தப்பாகப் பேசிய துபாஷி

சென்ற தை மாதம் ஆறு மூட்டைத் துணியோடு பழவேற்காடு போய்வந்தேன். ஒல்லாந்தர் கோட்டையில் நம் பேச்சை அவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் வயதான துபாஷி வேலையை விடுகிறார், புதியவரைத் தேர்ந்தெடுக்க வியாபாரிகளும் வரவேண்டும் என்று ஆள் அனுப்பியிருந்தார்கள். துபாஷி சரியில்லையென்றால் நஷ்டம் நமக்குத்தானே!

ஆரம்பாக்கத்திலிருந்து ஏரி வழியாக ஒரு காதம். தோணிக்கூலி ஒரு பணம். வாடைக்காற்று தள்ளியதில் எட்டு நாழிகையில் போய்விட்டோம். பங்குனியில் போகாதீர்கள். தோணி சேற்றில் தட்டும், பாதி தூரம் இறங்கித் தள்ளவேண்டியிருக்கும்.

வழியில் தோணிரேவு என்ற மீனவர் குப்பத்தில் நண்டுக்கூடையோடு பொன்னி ஏறினாள். துபாஷி வேலைக்கு நின்ற இருவரில் ஒருவனான யான் என்ற ஒல்லாந்துச் சிப்பாய் இவள் புருஷன்.

"வேலை கெடைக்கலன்னா அவரைக் கடல் தாண்டிப் பத்தாவியா தேசத்துக்குப் போற கப்பல்ல ஏத்திடுவாங்க நைனா. என்னை ஏத்த மாட்டாங்களாம்" என்றாள்.

"தமிழ் நல்லாப் பேசுவாரா?"

"தப்புத் தப்பாத்தான் பேசுவாரு."

எனக்குச் சங்கடமாகிவிட்டது.

கோட்டையில் முதலில் வந்த ஆள் தமிழை ஏட்டில் படித்தவன். வணக்கம், நலம், விலை எல்லாம் அட்சரம் பிசகாமல் ஒப்பித்தான். "ஏரியில நனைஞ்ச துணிக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டேன். மறுபடியும் நலம் விசாரித்தான்!

அதே கேள்விக்கு யான், "தண்ணி உள்ள வாஞ்சது, துணி நனைஞ்சது. தோணிக்காரன் மேல தப்பு இல்லே. மூட்டை கட்டினவன் தப்பு" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் என் மூன்று வயது மகளும் 'வந்தது' என்பதை 'வாஞ்சது' என்றுதான் சொல்கிறாள். யாரும் சொல்லித்தரவில்லை, நனைஞ்சது, காஞ்சது என்று கேட்டுக் கேட்டு அவளே செய்துகொண்டது. யானும் அப்படித்தான். தப்புதான், ஆனால் தமிழ் அவனுக்குள் வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

சிரிப்பைப் பார்த்த கோட்டைத் தலைவர் முதல் ஆளைக் கைகாட்டப் போனார். நான் எழுந்துவிட்டேன். "அவரு படிச்சதைச் சொல்றாரு. இவரு நெனைக்கிறதைச் சொல்றாரு. என் சரக்குக்கு இவருதான் வேணும்." பழைய துபாஷி அதை அப்படியே அவருக்குச் சொன்னார். மற்ற வியாபாரிகளும் யோசித்துத் தலையாட்டினார்கள். வேலை யானுக்கே கிடைத்தது.

சரக்கோடு போகிறவர்கள் அவனிடம் நிதானமாகப் பேசுங்கள், தப்பு வந்தால் சிரிக்காதீர்கள். திரும்பும் தோணியை வெயில் தாழ்வதற்குள் பிடித்துவிடுங்கள்.

நான் தோணி ஏற வந்தபோது பொன்னி கரையோரம் நின்றிருந்தாள். "இன்னா சொன்னாங்க?" என்று என்னோடு வந்த யானிடம் கேட்டாள். அவனோ, அவள் இடுப்பிலிருந்த நண்டுக்கூடையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தான்.