ஊதா உறைக்குள் ஒரு முகம்

தாம்பரத்தில், ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் உள்ள தெருவில், ஹில்டாவிடம் ரவிக்கை தைக்கக் கொடுப்பவர்களுக்குப் பொறுமை வேண்டும். தீபாவளிக்கென்று கொடுத்தது பொங்கலுக்குத்தான் கைக்கு வரும். ஒரு தையல் நூலிழை அளவு கோணினாலும், அந்த வரிசை முழுவதையும் பிரித்துவிட்டு மறுபடி தொடங்குவது அவள் வழக்கம். ஆனால் அவள் போட்ட தையல், துணி நைந்து போனாலும் பிரியாது. ரயில்வேயில் கார்டாக இருந்த அவள் கணவர் வேதசிரோமணி இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. பிள்ளைகள் இல்லை. பகலில் தையல் இயந்திரமும், மாலையில் பங்குக் கோயிலுமாக அவள் வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது.

கோயிலின் பீடத்துணிகள் எல்லாம் அவள் பொறுப்பு. தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு வந்தால், சுரூபங்கள் எனும் புனிதர் சிலைகள் அனைத்தையும் ஊதாத் துணியால் மூடிவிடுவார்கள். உயிர்ப்புத் திருவிழாவுக்கு முந்தைய பாஸ்கா இரவில்தான் திறப்பார்கள். அந்த உறைகளை ஆண்டுதோறும் தைப்பவளும் ஹில்டாதான். உறை போட்ட பிறகு அதன் மேல் யாரும் கை வைக்க விடமாட்டாள். முந்தைய ஆண்டு ஒரு பெண்மணி, "கொஞ்சம் தூக்கி முகத்தை மட்டும் பாத்துக்கறேனே" என்று கெஞ்சியபோது, "கண்ணுக்கும் ஒரு நோன்பு உண்டும்மா. பாஸ்காவுக்கு வந்து ஆசை தீரப் பாருங்க" என்று சொல்லி, உறையின் நாடாவை இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கியவள் அவள்.

இந்தக் கதை நடந்தது எண்பத்தெட்டாம் ஆண்டு. ஹில்டாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. இடது கண் ஏற்கெனவே அணைந்துவிட்டிருந்தது. வலது கண்ணில் புரை முற்றி, எதிரே நிற்பவரின் முகம் ஈரத்துணி வழியாகப் பார்ப்பதுபோல் தெரிந்தது. புனித வாரத்தின் திங்கட்கிழமை அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். "பார்வை நல்லா வரலாம். இப்ப இருக்கறதும் போகலாம். அதையும் சொல்லிடணும் இல்லையா?" என்றார் மருத்துவர். அவர் ஒளிக்காமல் சொன்னது ஹில்டாவுக்குப் பிடித்திருந்தது. ஆனால் அன்றிலிருந்து ஒரே ஓர் ஆசை அவளை அரித்துக்கொண்டிருந்தது. அதைப் பக்கத்து வீட்டு நாகலக்ஷ்மியிடம் மட்டும் சொன்னாள்.

நாகலக்ஷ்மி பள்ளி ஆசிரியை. வெள்ளிக்கிழமைதோறும் பெருமாள் கோயிலுக்குப் போகிறவள். ஹில்டாவின் வீட்டுக்குத் தினமும் வந்து செய்தித்தாளைப் படித்துக் காட்டிவிட்டு, ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டுப் போவாள்.

"கேளம்பாக்கத்துக்குக் கிழக்கே, கடலோரத்துல எங்கம்மா ஊர் குப்பம் ஒண்ணு இருக்கு நாகா. அங்க பழைய கோயில். அதுல ஒரு மாதா சுரூபம். மரத்துல செஞ்சது, ரெண்டடி உசரந்தான் இருக்கும். என் கல்யாணம் அங்கதான் நடந்துச்சு. பயத்துல கை காலெல்லாம் நடுங்குது. நிமிந்து பாக்கறேன், மாதா சிரிக்கிறாங்க."

"சாமின்னா சிரிச்ச முகமாத்தானே இருக்கும் அக்கா?"

"அந்தச் சிரிப்பு இல்ல. ஜெபம் நடக்கற எடத்துல யாரோ தும்மிட்டா நாம அடக்கிக்கறோமே, அந்தச் சிரிப்பு. இடது பக்கத்து உதடு மட்டும் லேசா. அவர் செத்தப்பவும் போய்ப் பாத்தேன். அன்னிக்கும் அப்படித்தான் இருந்துச்சு. எனக்குக் கோவங்கூட வரல, தைரியமா இருந்துச்சு. கண்ணு போறதா இருந்தா, அதை ஒரு தடவை பாத்துட்டுப் போகட்டும்."

அந்த ஆசைக்கு வழி செய்வதுபோல், பங்கைச் சேர்ந்த துரைராஜ் ஒரு சிறு திருயாத்திரைக்கு ஏற்பாடு செய்தார். வேனில் பன்னிரண்டு பேர். பரங்கிமலையில் தொடங்கி சின்னமலை, லஸ், சாந்தோம் என்று பழைய கோயில்களைத் தரிசித்துவிட்டு, கடைசியாகக் கடலோரக் கோயிலுக்குப் போய், கேளம்பாக்கம், வண்டலூர் வழியாக வீடு திரும்புவது என்பது திட்டம். எந்தச் சனிக்கிழமை வசதிப்படும் என்று அவர் முதலில் கேட்டது ஹில்டாவைத்தான்.

"நம்ம கோயில் உறையெல்லாம் இன்னும் முடியல சார். கண்ணு இருக்கற நெலைமையில ஒண்ணுக்கு ரெண்டு நாள் ஆகுது. அதைப் போட்டு முடிச்சதும் போலாமே. குருத்தோலை ஞாயித்துக்கு மொத நாள் வெச்சுக்குங்க" என்றாள் ஹில்டா.

நாகலக்ஷ்மியையும் அழைத்துப் போகவேண்டும் என்றபோது துரைராஜ் சற்றுத் தயங்கினார். "டீச்சருக்கு இதெல்லாம் சலிப்பா இருக்காதா?"

"சலிப்பு என்ன சார்? ஒரே நாள்ல அஞ்சு கோயில். புண்ணியத்துல எனக்குப் பாதி கிடைச்சாக்கூடப் போதும்" என்றாள் நாகலக்ஷ்மி. அவர் சிரித்துவிட்டுப் பட்டியலில் பதின்மூன்றாவது பெயரை எழுதிக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை, வெயில் ஏறுவதற்கு முன்பே பரங்கிமலையின் படிகளில் சிலுவைப்பாதை சொல்லிக்கொண்டு ஏறினார்கள். ஹில்டா ஒரு கையால் நாகலக்ஷ்மியின் தோளைப் பற்றிக்கொண்டு, மறு கையில் ஜெபமாலையோடு ஏறினாள். உச்சியில் இருந்த கோயிலுக்குள் நுழைந்ததும், பீடத்தின் பக்கம் மங்கலாக ஊதா நிறம் தெரிந்தது. பழக்கத்தால் முதலில் அருகே போய், ஓரம் மடித்துத் தைத்திருக்கிறார்களா என்று விரலால் தடவிப் பார்த்தாள். தையல் நேர்த்தியாகவே இருந்தது. திருப்தியோடு திரும்பியவள், இரண்டடி நடப்பதற்குள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன அக்கா, மூச்சு வாங்குதா?"

"ஒண்ணுமில்ல."

முப்பது ஆண்டுகளாகத் தன் கையாலேயே உறை தைத்தவள் அவள். ஐந்தாம் ஞாயிறு கழிந்தால் எல்லாக் கோயில்களிலும் முகங்கள் மூடப்பட்டிருக்கும் என்பது அவளுக்குத் தெரியாததா? தாம்பரத்துச் சுரூபங்களை மூடி முடிப்பதற்காக நாளைத் தள்ளிப் போட்டவள், கடலோரத்துச் சுரூபத்தையும் யாராவது மூடுவார்கள் என்று ஒரு கணமும் நினைக்கவில்லை. அந்த முகம் அவள் மனத்தில் எப்போதும் திறந்தேதான் இருந்தது.

சின்னமலையிலும் லஸ்ஸிலும் சாந்தோமிலும் அவள் ஜெபங்களை ஒரு சொல்லும் விடாமல் சொன்னாள். ஆனால் எந்த உறையின் அருகிலும் போகவில்லை. அடையாற்றைத் தாண்டி, பழைய மாமல்லபுரம் சாலையில் வேன் குலுங்கிக்கொண்டு போனது. நாவலூரில் சாலையின் இருபுறமும் அறுவடை முடிந்த வயல்கள் காய்ந்து கிடந்தன. ஓட்டுநர் ஜெயவேலு கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தான்.

"இன்னா சார் இது, போற கோயில்லாம் சாமிய மூட்ட கட்டி வெச்சிகீறாங்கோ? வூடு கீடு காலி பண்ணப் போறாங்களா?"

வேனில் இருந்தவர்கள் அனைவரும் சிரித்தார்கள். "தவக்காலம்பா. மூடித்தான் வெப்பாங்க. ஈஸ்டருக்குத்தான் தெறப்பாங்க" என்று துரைராஜ் விளக்கினார்.

நாகலக்ஷ்மி சிரிப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டு ஹில்டாவின் பக்கம் திரும்பினாள். "அங்கயுமா?" என்று மெல்லக் கேட்டாள்.

ஹில்டா தலையை மட்டும் அசைத்தாள்.

"அஞ்சு நிமிஷம் தெறந்து காட்டச் சொல்லிக் கேக்கலாமே அக்கா. கண் ஆபரேஷன்னு சொன்னா..."

"வேணாம் நாகா. போன வருஷம் ஒருத்தி கேட்டா. நான் என்ன சொன்னேன்? அவளுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணா? நீ வாயத் தெறக்கக் கூடாது. என் மேல சத்தியம்."

கடலோரக் கோயிலை அடைந்தபோது மதியம் ஆகியிருந்தது. பங்குத் தந்தை வேறோர் ஊருக்குப் பாவமன்னிப்பு வழங்கப் போயிருந்தார். கோயிலைப் பார்த்துக்கொண்ட கஸ்பார், மீன்பிடித்து ஓய்ந்த முதியவர், கதவைத் திறந்துவிட்டார். குழுவினர் ஜெபமாலையில் பத்து மணிகளை உருட்டி ஜெபித்து முடித்துக்கொண்டு, பூவரச மரத்தடியில் எலுமிச்சைச் சாதப் பொட்டலங்களைப் பிரிக்கப் போனார்கள். ஹில்டா மட்டும் எழுந்திருக்கவில்லை. நாகலக்ஷ்மி அருகிலேயே அமர்ந்திருந்தாள்.

சிறிது நேரம் கழித்து ஹில்டா எழுந்து, சுரூபத்தின் பாதத்தைத் தொட்டு முத்தமிடக் கையை நீட்டினாள். அங்கே கடற்காற்றுக்குத் துணி நிற்காது என்பதால், தாம்பரத்தைப்போல் நாடா கட்டாமல், உறையைச் சுற்றிலும் தைத்தே மூடியிருந்தார்கள். பாதத்திலிருந்து மேலே ஏறிய அவள் விரல்கள் முதுகுப் பக்கத்தில் ஓரிடத்தில் நின்றன. பிறகு அங்கேயே முன்னும் பின்னும் போயின. அவள் முகம் சுளித்தது.

"கஸ்பாரு, இதை யார் தைச்சது?"

"நாந்தாம்மா."

"எதால தைச்சீங்க?"

"வல நூல்தான். கெட்டியா இருக்குமேன்னு. முந்தாநேத்து அடிச்ச காத்துல அதுவும் பிரிஞ்சிடுச்சி."

"பிரியாம என்ன செய்யும்? விரக்கடைக்கு ஒரு தையல் போட்டிருக்கீங்க. பாஸ்கா வரைக்கும் இது தாங்காது. இதை முழுசாக் கழட்டி, உள்பக்கமாத் திருப்பித்தான் தைக்கணும்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்ன என்பது அவளுக்கு உறைத்தது. காதுவரை சூடேறியது. "இல்ல, நான் தையலுக்காகச் சொன்னேன்" என்று தடுமாறினாள். உண்மையிலேயே அவள் தையலுக்காகத்தான் சொன்னாள்.

நாகலக்ஷ்மி வாயைத் திறப்பதில்லை என்ற வாக்கை அதுவரை காப்பாற்றிவிட்டிருந்தாள். இப்போது தையலைப் பற்றிய பேச்சுத்தானே என்று எழுந்து வந்தாள்.

"அக்கா சொல்றது சரிதானே ஐயா? நாளைக்குக் குருத்தோலை ஞாயிறு. ஊரே கோயிலுக்குள்ள நிக்கும்போது காத்து அடிச்சு உறை பறந்து போச்சுன்னா?"

கஸ்பார் தலையைச் சொறிந்தார். "யாரும் கை வைக்கக் கூடாதுன்னு சாமியார் சொல்லிட்டுப் போனாரே. ஆனா கிழிஞ்சா தைக்கக் கூடாதுன்னு சொல்லல." சற்று யோசித்துவிட்டு, வாசற்கதவை ஒருக்களித்துச் சாத்தினார். பீடத்தின் படியில் ஏறி நின்று, மிஞ்சியிருந்த தையலை வெட்டி உறையை மேலே உருவினார். பிறகு காவலுக்கு நிற்பவர்போல் வாசலை நோக்கி நின்றுகொண்டார்.

ஹில்டா தலையை நிமிர்த்தவில்லை. உறையை வாங்கிக்கொண்டு நேராக முன் பெஞ்சில் உட்கார்ந்தாள். வேலைக்கென்று கழற்றியதை வேலைக்குத்தானே பயன்படுத்த வேண்டும்? பையிலிருந்து ஊசியையும் ஊதா நூலையும் எடுத்தாள். நாகலக்ஷ்மி நூலைக் கோத்துக் கொடுத்தாள். கண் உதவாவிட்டாலும் விரல்கள் உதவின. ஓரத்தைத் தடவித் தடவி, நெருக்கமாக ஏழெட்டுத் தையல்கள் போட்டாள்.

நாகலக்ஷ்மி அவள் கையிலிருந்து ஊசியை வாங்கிக்கொண்டாள்.

"குடுங்க. நான் தைக்கிறேன்."

"உனக்குப் பித்தான் தைக்கவே வராதேடி."

"அதனாலதான் சொல்றேன். ரொம்ப நேரம் ஆகும்."

ஹில்டா சற்று நேரம் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து பீடத்தருகே போனாள். முதலில் மங்கிய மஞ்சளும் நீலமுமாகத்தான் தெரிந்தது. இன்னும் நெருங்கி, மூச்சுக்காற்று படும் தூரத்தில் முகத்தை வைத்து, தலையைச் சற்றே சாய்த்து, வலது கண்ணில் மிஞ்சியிருந்த தெளிவான ஓரத்தால் பார்த்தாள். சாயம் உதிர்ந்த கன்னம் தெரிந்தது. பிறகு இடது பக்கத்து உதடு.

பின்னால் நாகலக்ஷ்மி விரலில் குத்திக்கொண்டு "ஸ்ஸ்" என்றாள். தைத்துக்கொண்டே, "சிரிக்கிறாங்களா?" என்று கேட்டாள்.

"சிரிக்கிறாங்க."

"என் தையலைப் பாத்துத்தான் இருக்கும்."

வெளியிலிருந்து துரைராஜ் சாப்பிட அழைத்தார். "கொஞ்சம் வேலையா இருக்காங்க சார்" என்று கஸ்பார் வாசலிலிருந்தபடியே பதில் சொன்னார். ஒரு முழத் தையலுக்கு நாகலக்ஷ்மி அரைமணி நேரம் எடுத்துக்கொண்டாள். அந்த அரைமணியில் ஹில்டா ஜெபம் எதுவும் சொல்லவில்லை, பார்த்துக்கொண்டே நின்றாள். உறையைத் திரும்பப் போட்டபோது கீழ் ஓரத்தைத் தன் கையாலேயே தைத்து மூடினாள். நாகலக்ஷ்மி தைத்த பகுதியின் மேல் விரலை ஓட்டிப் பார்க்கவில்லை.

மறு ஆண்டுத் திருயாத்திரைக்குத் தேதியை ஹில்டாவே குறித்தாள்: தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு அடுத்த சனிக்கிழமை. அப்போது அவள் மூக்கின் மேல் தடித்த கண்ணாடி ஏறியிருந்தது. வேனில் உட்கார்ந்தபடியே நாவலூர் கடைப் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தாள். "கண்ணு வந்தாலும் வந்துச்சு, அம்மா என்னை ரோட்டப் பாத்து ஓட்ட வுட மாட்டேங்கறாங்களே" என்று ஜெயவேலு அலுத்துக்கொண்டான்.

கடலோரக் கோயிலில் மாதாவின் முகம் திறந்திருந்தது. நாகலக்ஷ்மி அன்றுதான் நிதானமாகப் பார்த்தாள். "ஆமா அக்கா, தும்மல் சிரிப்பேதான்" என்று ஒப்புக்கொண்டாள். கஸ்பார் பீரோவிலிருந்து ஊதா உறையை எடுத்து வந்தார்.

"அதே உறதாம்மா. இன்னும் நாலு வாரத்துல போடணும். பாத்துக் குடுங்க."

ஹில்டா அதை மடியில் விரித்தாள். முதுகுப் பக்கத்தில் ஒரு முழ நீளத்துக்குத் தையல் மேடு பள்ளமாக ஓடியது. ஓரிடத்தில் நூல் முடிச்சு விழுந்து புளியங்கொட்டை அளவுக்குத் திரண்டிருந்தது. இன்னோரிடத்தில் சுண்டுவிரலையே நுழைக்கலாம்.

"ஐயையோ, நாகா! இது என்னடி, நண்டு நடந்த மாதிரி?"

"நான்தான் அப்பவே சொன்னேனே."

ஹில்டா பையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தாள். "பிரிச்சிடலாமாம்மா?" என்று கஸ்பார் வெளிச்சத்துக்காக ஜன்னலைத் திறந்துவிட்டார். அவள் அந்த ஒரு முழத்தையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். பிறகு கத்தரிக்கோலைத் திரும்பப் பைக்குள் போட்டாள்.

"வேணாம். கெட்டியாத்தான் இருக்கு" என்று சொல்லி, உறையை நான்காக மடித்துக் கஸ்பாரிடம் கொடுத்தாள்.