கம்பெனி பஸ்ஸில் ஏறிய நூலகர்

இன்று எங்கள் கிளை நூலகம் வேலை நேரத்தில் பூட்டிக் கிடந்தது. கண்டிக்கத்தான் நூலகர் செல்வியைத் தேடிப் போனேன்.

சென்னையில் பயிற்சி முடித்து வந்து அவர் தொடங்கிய கதை வாசிப்புக்குப் போன வாரம் ஒருவரும் வரவில்லை. வர வேண்டிய பெண்கள் எல்லோருக்கும் கம்பெனியில் ஷிப்ட்.

அதனால் இன்று, தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்திருந்த பெண்கள் நடுவே நின்று வாசித்துக்கொண்டிருந்தார். உச்சரிப்பில், தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற என்னாலேயே குறை காண முடியவில்லை.

பாதிக் கதையில் பஸ் வந்துவிட்டது.

"டிரைவர் அண்ணே, இரு! அவ புருசன் இன்னா ஆனான்னு கேட்டுக்கினு ஏறுறோம்!"

"லேட்டானா என்னைத்தான் திட்டுவாங்க. ஏறுங்கம்மா!"

"அப்ப நீங்களும் ஏறுங்க மேடம், போய்க்கினே படிங்க!"

செல்வி தயங்கவில்லை. நூலகச் சாவியை என் கையில் வைத்தார். "வர்ற வரைக்கும் பாத்துக்கங்கம்மா."

இப்போது நூலகம் திறந்திருக்கிறது. மேசையில் நான் இருக்கிறேன். வாருங்கள், சத்தம் மட்டும் கூடாது.