நான் வெறுமையாக்கின மண்டபம்

மகள் யூனிவர்சிற்றியில சினிமா படிச்ச காலம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் டிவிடி ஒண்டைக் கொண்டு வந்து, "அம்மா, இதைப் பார்த்து எழுத வேணும். தனிய இருந்து பார்க்க போரிங். வாங்கோ" எண்டாள். நான் குசினியில கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு நிண்டனான். கியூபாவில பாடுற பொம்பிளையளைப் பற்றின ஆவணப்படமாம். எனக்கும் கியூபாவுக்கும் என்ன சம்பந்தம்? பிள்ளை கேட்டிட்டாளே எண்டு கதிரையில குந்தினன். பேந்து எழும்பேலாமல் போச்சு.

நாலு கறுப்புப் பொம்பிளையள். எல்லாருக்கும் அறுபது வயதுக்கு மேல. அவையின்ர முன்னோரை ஆபிரிக்காவிலயிருந்து அடிமையாக் கொண்டு வந்த காலத்துப் பாட்டுகளை மேளத்தோட பாடுகினம். என்ன குரல் அம்மா! தொண்டையில இல்லை, அடிவயித்தில இருந்து வருது. அவைக்கு முதல்தரமா விசா கிடைச்சு மயாமிக்குப் பாடப் போகினம். கியூபா அரசாங்கத்தை வெறுத்துக் கடலுக்கு அந்தப் பக்கம் ஓடிப்போன அவையின்ர சொந்தச் சனம் இருக்கிற ஊர் அது. மண்டப வாசலில அந்தச் சனமே எதிர்ப்பு எழுதின மட்டையள் பிடிச்சுக்கொண்டு நிண்டு, அரசாங்கத்தின்ர கைக்கூலியளே திரும்பிப் போங்கோ எண்டு கத்துது. அந்தக் கூட்டத்துக்குள்ள ஒரு மனுசி. இளவயதில இந்த நாலு பேரோடயும் சேர்ந்து பாடினவவாம். "உள்ள போய்க் கேக்க விருப்பமில்லையோ?" எண்டு படம் பிடிச்ச பிள்ளை கேக்க, மனுசி மட்டையால முகத்தை மறைச்சா.

"ஷீ ஷுட் ஜஸ்ட் கோ இன்" எண்டாள் மகள்.

"உனக்கென்ன தெரியும்? வாயைப் பொத்திக்கொண்டு பார்!" எண்டு பாய்ஞ்சு விழுந்தன். பிள்ளை திகைச்சுப் போனாள். அவளில என்ன பிழை? பிழை முழுக்க என்னில. நான் மட்டை பிடிக்கேல்லை, ரெலிபோன் பிடிச்சனான்.

எனக்கொரு சிநேகிதி இருந்தவள். யாழ்ப்பாணத்தில ஒரே ரீச்சரிட்டைப் பாட்டுப் படிச்சு, கலியாணம் கட்டுமட்டும் மேடையில சோடியாப் பாடினனாங்கள். எனக்கு மூச்சு முட்டுற இடத்தை அவள் பிடிச்சுக்கொள்ளுவாள், கேக்கிற ஆளுக்குத் தெரியவே தெரியாது. எண்பத்துமூண்டுக் கலவரத்துக்குப் பிறகு நான் மெல்பேர்னுக்கு வந்திட்டன். கலியாணம் கட்டிக் கொழும்புக்குப் போன அவள், புருசனோட அங்கையே இருந்திட்டாள்.

தொண்ணூறுகளின்ர கடைசியில இஞ்சை சிலபேர் சேர்ந்து அவளைக் கூப்பிட்டு, ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில கச்சேரி ஒழுங்கு செய்தவை. அவள் வந்த முதல் ஞாயிறு, த பேசின் எண்ட இடத்தில இருக்கிற பிள்ளையார் கோயிலுக்கு நான்தான் காரில கூட்டிக்கொண்டு போனனான். போகேக்கையும் பாட்டு, வரேக்கையும் பாட்டு. "எடி, கச்சேரியில கடைசி இரண்டு பாட்டுக்கு நீயும் மேடையில ஏறவேணும். உன்னோட பாடத்தான் இவ்வளவு தூரம் வந்தனான்" எண்டாள். ஓம் எண்டு சொன்னனான். சத்தியமா அந்த நேரம் மனசோடதான் சொன்னனான்.

அடுத்த நாள் பின்னேரம், எங்கட ஆக்களுக்கு விழா நடத்திற ஒருத்தர் போன் எடுத்தார். "அக்கா, உங்கட சிநேகிதி அங்கை அரசாங்க விழாவில மந்திரிமாருக்கு முன்னால பாடினவ, தெரியுமோ? வீடியோவே இருக்கு. ஒருத்தரும் கச்சேரிக்குப் போகக்கூடாது. நீங்கள் சொன்னால்தான் சனம் கேக்கும். சிநேகிதியே சொல்லுறா எண்டால் பிறகு மறுகதை இல்லை."

அப்ப என்ர தம்பி அரசாங்கத்தின்ர ஷெல்லடியில இடம்பெயர்ந்து வன்னியில எந்த மரத்துக்குக் கீழ இருக்கிறான் எண்டுகூட எனக்குத் தெரியாது. ஆறு மாதமாக் கடிதம் இல்லை. இவள் பட்டுச்சேலை உடுத்திக்கொண்டு அவங்களுக்குப் பாடினவளோ? "ஏன்டி பாடினனீ?" எண்டு அவளை ஒருக்காக் கேக்க எத்தினை நிமிசம் செல்லும்? கேக்கேல்லை. அன்னதானத்துக்கு ஆக்களைக் கூப்பிட எழுதி வைச்ச நம்பர்க் கொப்பியை எடுத்துக்கொண்டு போனுக்குப் பக்கத்தில இருந்தன். இரண்டு நாளில நாப்பது வீடு. "நானே போகேல்லை, நீங்களும் யோசியுங்கோ." அவ்வளவுதான் சொன்னது. எங்கட சனத்துக்கு அது காணும்.

அவளுக்கு, கச்சேரியண்டைக்கு நான் வேலை செய்யிற நேர்சிங் ஹோமில கூப்பிட்டிட்டாங்கள் எண்டு பொய். "பரவாயில்லையடி, வேலையெல்லோ முக்கியம்" எண்டு என்னையே ஆறுதல்படுத்தினாள் விசரி.

முந்நூறு கதிரை போட்ட மண்டபத்துக்கு ஒன்பது பேர் வந்தவையாம். ஒரு பாட்டும் குறைக்காமல் இரண்டரை மணித்தியாலம் பாடினவளாம். சொல்ல வெக்கமாத்தான் கிடக்கு, அண்டைக்கு எனக்குப் புளுகம், உள்ளுக்குள்ள ஒரே சந்தோசம். நான் சொன்னால் சனம் கேக்குது எண்ட புளுகம். அவள் கொழும்புக்குத் திரும்பிப் போகேக்கை வழியனுப்பவும் போகேல்லை. பேந்து வருசத்துக்கொரு கார்ட் வந்தது, பிறகு அதுவும் நிண்டு போச்சு.

படம் முடிய மகள் எழுதப் போயிட்டாள். நான் ரெலிபோன் கார்டைச் சுரண்டி, கொழும்புக்கு எடுத்தன். நம்பரை இரண்டுதரம் பிழையா அமத்தினனான். அவள்தான் தூக்கினவள். சுகம் விசாரிச்சால் துணிவு போயிடும் எண்டு, எடுத்த எடுப்பிலயே சொல்லிப்போட்டன்.

"அண்டைக்கு ஆக்களை வரவேண்டாமெண்டு சொன்னது நான்தான்டி."

"தெரியும். வந்த ஒன்பது பேரில ஒருத்தி அண்டைக்கே சொன்னவ."

"அப்ப ஏன் என்னை ஒண்டும் கேக்கேல்லை?"

"நீ என்னைக் கேட்டனியோ?"

"இப்ப கேக்கிறன். ஏன் பாடினனீ?" எண்டன்.

"என்ர மனுசனைப் பிடிச்சுக்கொண்டு போய் அஞ்சு மாதம் உள்ள வைச்சிருந்தவங்கள். எந்தக் காம்பிலயெண்டுகூட முதல் தெரியாது. விழாவில நான் வந்து பாடினால் விடுவிக்கப் பார்க்கிறன் எண்டு ஒரு பெரிய ஆள் சொன்னவர். பாடினன். பத்தாம் நாள் விட்டவங்கள்." அழாமல்தான் சொன்னாள். பிறகு கேட்டாள், "நான் பாடாமல் விட்டிருக்கவேணுமோ? நீ சொல்லடி. இதை இத்தினை வருசமா ஒருத்தரையும் நான் கேக்கேல்லை."

அவள் என்னைக் குத்திக் கேக்கேல்லை. உண்மையாவே தெரியாமல்தான் கேட்டவள். "இல்லையடி, நீ செய்தது சரி" எண்டு சொல்லியிருக்கலாம். அது எவ்வளவு சின்ன வசனம். வாய் வரைக்கும் வந்தது. வன்னியில மரத்துக்குக் கீழ கிடந்த தம்பி கண்ணுக்கு முன்னால வந்து நிண்டான். அவங்களுக்குப் பாடினது சரியெண்டு சொல்ல எனக்கு ஏலாமல் போச்சு.

நான் போனை வைச்சிட்டன். கார்டில இன்னும் இருபது நிமிசம் கிடந்தது.