மிதந்த பூச்சி

தூண்டில் முள்ளில் பொய்ப் பூச்சி கட்டுவது என் பொழுதுபோக்கு. சேவல் இறகை நூலால் சுற்றினால், மாலையில் ஏரித் தண்ணீர்மேல் உட்காரும் ஒருநாள் பூச்சி மாதிரியே இருக்கும். ஆனால் அது மிதக்க வேண்டும். நான் கட்டியதெல்லாம் மூழ்கியது.

செல்போன் கம்பெனியில் பொடி ஸ்க்ரூ மாட்டும் என் மனைவி ஒருநாள் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு இவ்ளோ நூலு சுத்திக்கினு கீற? வெயிட்டு ஏறுதில்ல?"

நாலே சுற்றில் ஒன்று கட்டித் தந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைப்பாக்கம் ஏரியில் அது அலுங்காமல் மிதந்தது. ஒரு கெண்டை மேலே வந்து கவ்வியது. கூட வந்திருந்த திருநெல்வேலிக்காரன், என்னோடு ஒரகடத்தில் வேலை செய்பவன், பூச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"யாருண்ணே கெட்டுனது?"

"நான்தான்."

பக்கத்தில் டீ ஊற்றிக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை.

"எனக்கும் ஒண்ணு கெட்டித் தாங்கண்ணே."

அவள் பையிலிருந்து இறகையும் நூலையும் எடுத்து என் முன்னால் வைத்தாள். "கட்டிக் குடு. ஆசையா கேக்குறாரு இல்ல?"

குரலில் கோபமே இல்லை. இருவரும் பார்த்திருக்க, கட்டித் தண்ணீரில் விட்டேன். மூழ்கியது.

"அது இவ கட்டுனதுப்பா" என்றேன்.

அவள் எனக்கு டீயை நீட்டினாள்.

ஒரகடத்தில் என் கம்பெனியில் ஒவ்வொரு பீஸ் மேலும் அதைச் செய்தவரின் நம்பரை ஒட்டுவதுதான் என் வேலை. ஆறு வருடத்தில் ஒருமுறைகூட நான் நம்பரை மாற்றி ஒட்டியதில்லை.