நெஞ்சு மட்டத்துக் கம்பி

கதிரவேலுவுக்கு மீன் ஒரு சாட்டு. வெள்ளைக்காரன் காலத்து இரும்புப் பாலத்தின் நடுவில் பின்னேரம்தோறும் வீச்சுவலையோடு போய் நிற்பது, போகிறவர் வருகிறவர் நின்று கதைப்பதற்காகத்தான். மனைவி போனபின் வீட்டில் வாய் திறக்க ஆளில்லை. பாலத்தில் என்றால் யாராவது மோட்டார் சைக்கிளை நிற்பாட்டி, என்ன பட்டது என்று கேட்பார்கள். பாட்டுப் போட்டபடி ஓட்டோவில் பேக்கரிப் பாண் விற்கிற லோஜன் தவறாமல் நிற்பான். ஊர்வம்பு முழுவதும் அளந்துவிட்டுத்தான் போவான்.

அந்தப் பாலத்தின் இடுப்பளவுக் கைப்பிடிக் கம்பி ஒருநாள் துருப்பிடித்த இடத்தில் முறிந்தது. டிப்பருக்கு வழிவிட்டு ஒதுங்கிய பள்ளிக்கூடப் பிள்ளை மதுரா சைக்கிளோடு சாய்ந்தாள். சைக்கிள் தண்ணீருக்குள் போனது. பிள்ளையின் புத்தகப்பை கதிரவேலுவின் கையில் அகப்பட்டதால் பிள்ளை தப்பியது.

அதன்பிறகுதான் இஞ்சினியர் வந்தார். பழைய இரும்பில் கைவைக்கக் கூடாதாம், புராதனச் சின்னமாம். உட்பக்கமாகப் புதுக்கம்பி போடப்போகிறார்களாம். இடுப்பளவு காணுமோ என்று நின்றவர்களைக் கேட்டார்.

“உது காணாது தம்பி. நெஞ்சு மட்டத்துக்கு வையுங்கோ. பிள்ளையள் போற இடம்,” என்றார் கதிரவேலு.

வீச்சுவலைக்காரன் சொல்லுகிற கதையா இது? இடுப்பைச் சுழற்றி வீசுகிற வலையை நெஞ்சளவுக் கம்பிக்கு மேலால் எந்தக் கொம்பனாலும் வீச முடியாது. அந்த நேரம் மனுசனுக்குப் பிள்ளையின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. கம்பி பூட்டி முடிந்த அன்று வலையோடு போனபிறகுதான் விஷயம் உறைத்தது. யாரை நோவது?

வலையில்லாமல் சும்மா போய் நிற்கவும் வெட்கம். கிழவன் கதைக்க ஆள் தேடி நிற்கிறான் என்று சனம் சொல்லும். அடுத்த நாள் பாலத்தடியில் கரையில் இறங்கினார். கண்டல் பற்றைக்குள் நின்றால் மேலேயிருந்து ஆள் தெரியாது.

வலையின் ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு வீச எடுத்தபோது, மேலே லோஜனின் ஓட்டோ நின்றது. அவன் இறங்கி, புதுக்கம்பிக்கு மேலால் எட்டித் தண்ணீரைப் பார்த்தான்.

“அப்பு! கதிரவேலப்பு!”

தன்னையும் தேட ஒருவன் இருக்கிறான் என்றதும் கிழவர் உடனே குரல்கொடுக்கப் பார்த்தார். ஆனால் வாய் நிறைய வலை. அதைத் துப்பிவிட்டு, “நிக்கிறன் மோனை, இஞ்சை நிக்கிறன்!” என்று கத்துவதற்குள் பாண் ஓட்டோ பாட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிட்டது.

சேறு காலை விடவில்லை. விழுந்தெழும்பி மேலே ஏறி வந்தபோது பாலத்தில் ஈ காக்கை இல்லை. கதிரவேலு கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். நல்ல உறுதியான கம்பி. முழுப் பாரத்தையும் போட்டுச் சாய்ந்து அழுதும் அது அசையவேயில்லை.