பின்சில்லில் பூட்டிய சங்கிலி

பனிச் சங்கிலி என்று ஒரு சாமான் உலகத்தில் இருப்பதே எனக்கு அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் தெரியும். பாரிசுக்கு வந்து பதினாறு வருடம். லாச்சப்பலில் சீலைக் கடையில் வேலை, லா கூர்னெவ்வில் வீடு, இரண்டுக்கும் நடுவில் ரயில். இந்த நகரத்தில் பனி விழுந்தால் ஒரு நாள் வெள்ளையாகக் கிடக்கும், மறுநாள் சேறாகிவிடும். அதற்குப் போய் யாராவது கார்ச் சில்லுக்குச் சங்கிலி வாங்குவார்களா?

தம்பி தொலைபேசியில் சொன்னான். மலைக்கு மேலே அவன் இருக்கும் ஊருக்கு பஸ் ஓடவில்லையாம், இனி எப்போது ஓடும் என்று ஒருவருக்கும் தெரியவில்லையாம். சனிக்கிழமை இறங்கி ரயில் பிடித்து எங்களிடம் வருவதாக இருந்தவன். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவனுடைய அகதி வழக்கின் மேன்முறையீடு. ஒன்றரை வருடம் காத்திருந்து கிடைத்த விசாரணைத் தவணை அது.

தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2009இல் சண்டை முடிந்தபோது வன்னியிலிருந்து உயிரோடு வெளியே வந்தவன். எங்கள் அண்ணை வரவில்லை. கடைசி நாட்களில் அண்ணையோடு இருந்தது இவன் மட்டும்தான். என்ன நடந்தது என்று ஊரில் அம்மா கேட்டும் சொல்லவில்லை, நான் கேட்டும் சொல்லவில்லை. பிரான்சுக்கு வந்து சேர்ந்தபோது அகதிகளைப் பார்க்கும் அலுவலகத்தார் இருக்க இடம் கொடுத்து அந்த மலையூருக்கு அனுப்பிவிட்டார்கள். முதல் விசாரணையிலும் நாலு வரி சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டான். நிராகரித்துவிட்டார்கள். இந்த முறையும் பேசாவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சட்டத்தரணி என்னிடம் நேராகவே சொன்னார். வர முடியாவிட்டால் இன்னொரு தவணை கிடைக்குமா என்று கேட்டேன். கேட்டுப் பார்க்கலாம், உறுதி சொல்ல ஏலாது என்றார். ஆக, ஆளும் வந்து சேர வேண்டும், வாயும் திறக்க வேண்டும்.

காரில் போய்க் கூட்டிக்கொண்டு வருவோம் என்றார் என் வீட்டுக்காரர். ஊரில் பதினொரு வருடம் மினிபஸ் ஓடிய மனிதர். றோட்டுக் கிடங்கு, வெள்ளம், செக்பொயின்ற் எல்லாம் கண்டவர். றோட்டு என்று ஒன்று இருந்தால் தன்னால் போக முடியும் என்பது அவருடைய மதம்.

சனிக்கிழமை விடிந்ததும் ஓல்னேயில் கார்ச் சாமான் விற்கும் கடைக்குப் போனோம். மலைக்குப் போகப் பனிச் சங்கிலி வேண்டும் என்று இவர் கேட்க, கடைப் பெடியன் ரயர் நம்பர் என்ன என்றான். சாதாரணக் கார்தான் என்றார் இவர். அவன் சிரிக்கவில்லை. நான் வெளியே போய்க் காருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, ரயரின் பக்கவாட்டில் தடித்து நின்ற எழுத்துகளைத் தடவித் தடவி உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தேன்: 195, 65, 15. பத்து வருடமாக ஏறி இறங்கும் காரில் இப்படி ஒரு ஜாதகம் எழுதிக் கிடப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த மூன்று எண்ணும் பொருந்தாவிட்டால் சங்கிலி கழன்று போகுமாம், அல்லது உள்ளே இடித்துக் காரையே உடைக்குமாம்.

இரண்டு வகை எடுத்து வைத்தான். ஒன்று இரும்பு. மற்றது துணி, சில்லுக்குக் காலுறை மாட்டுவது மாதிரி. கொஞ்சத் தூரத்துக்குத் துணியே போதும், கை நோகாமல் போடலாம் என்றான். இவருக்கு வந்ததே ஒரு சிரிப்பு.

"சீலையைச் சுத்திக்கொண்டு மலை ஏறுறதோ? உம்மடை கடையிலையே வாங்கியிருக்கலாமே."

இரும்பை எடுத்தோம். பெட்டியைக் கையில் வாங்கியபோது கைக்குழந்தை ஒன்றின் பாரம் இருந்தது. திறந்து பார்த்தேன், மீன்வலை மாதிரிக் கட்டம் கட்டமாகப் பின்னிய சங்கிலி. இத்தனூண்டு இரும்பு ஒரு காரையும் மூன்று பேரையும் மலையில் பிடித்து வைத்திருக்கப் போகிறதா என்று நம்பிக்கையே வரவில்லை.

மத்தியானம் எங்கள் சீலைக் கடை வாசலில் காரை விட்டு, சங்கிலியைப் போட்டுப் பழகினார் இவர். லாச்சப்பலில் ஒரு மனிதன் றோட்டில் முழங்காலில் நின்றால் சும்மா விடுவார்களா? மரக்கறிக் கடை அண்ணை வந்தார், தலைமயிர் வெட்டுகிறவர் வந்தார், எங்கள் முதலாளி வந்தார். ஆளுக்கொரு யோசனை. இவர் நேரே பின்சில்லுக்குப் போனார். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. எல்லோரும் ஊரில் வாகனம் ஓடிப் பழகியவர்கள், அந்தக் காலத்து லொறியும் பஸ்ஸும் மொறிஸ் காரும் பின்சில்லில் இழுக்கிறவை. இழுக்கிற சில்லுக்குத்தானே சங்கிலி?

பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. பத்துப் பாஷையில் எழுதியிருந்தார்கள். நான் படத்தைப் பார்த்தேன். படத்தில் அம்புக்குறி முன்சில்லைக் காட்டியது. படத்தில் முன்சில்லு அல்லவா கிடக்கிறது என்று சொன்னேன்.

"தங்கச்சி, படம் கீறினவன் இடம் பார்த்துக் கீறியிருப்பான்" என்றார் மரக்கறிக் கடை அண்ணை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு உள்ளே போய்ச் சீலை மடித்தேன். அந்தச் சிரிப்புக்காக எனக்கு என்மேல் இன்றைக்கும் கோபம்.

மூன்றாம் தடவை எட்டு நிமிடத்தில் போட்டு முடித்து, கழற்றிப் பெட்டியில் வைத்தார். மரக்கறிக் கடை அண்ணை நாலு தேசிக்காய் கொண்டுவந்து சில்லுக்கு ஒன்றாக வைத்தார். நசித்துக்கொண்டு கார் கிளம்பியது. பழுதில்லாத ஏற்பாடு என்று முழுத் தெருவும் சொன்னது.

ஞாயிறு விடியமுன் புறப்பட்டோம். மத்தியானத்துக்குக் கிட்ட, பெருந்தெருவின் ஒரு வளைவில், மலைகள் வந்தன. வந்தன என்றுதான் சொல்ல வேண்டும், நாங்கள் போனதாகவே தெரியவில்லை. முதலில் நான் அதை முகில் என்று நினைத்தேன். பிறகு அந்த முகிலில் மரம் இருந்தது. கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு தலையை எவ்வளவு சரித்தும் உச்சி தெரியவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், கை தானாகக் கும்பிட்டது. இவர் கதைப்பதை நிறுத்தியிருந்தார், அது எங்கள் வீட்டில் லேசில் நடக்கிற காரியம் இல்லை. இதற்குள்ளா என் தம்பி இவ்வளவு காலம் தனியாக இருந்தான்?

ஊருக்கு ஏறும் றோட்டின் தொடக்கத்தில் நீலப் பலகை நின்றது, சங்கிலி பூட்டிய சில்லின் படத்தோடு. இதற்குமேல் சங்கிலி இல்லாமல் ஏறக்கூடாது. ஒதுக்கி நிறுத்தி இவர் பின்சில்லுகளுக்குப் பூட்டினார். ஒரு மணிக்கு வருவோம் என்று தம்பிக்குச் சொல்லியிருந்தோம், நேரம் சரியாகத்தான் இருந்தது. பலகை தாண்டியதும் கொஞ்சத் தூரம் மட்டமான றோட்டு. கார் நன்றாகவே ஓடியது. பார்த்தீரா என்பதுபோல என்னைப் பார்த்தார்.

இரண்டாம் வளைவில் ஏற்றம் தொடங்கியது. கார் நின்றது. அழுத்தினார், இரைந்தது, மூக்கு மட்டும் மெல்லப் பள்ளத்துப் பக்கம் திரும்பியது. அந்தப் பக்கம் கம்பி வேலி, அதற்கப்பால் ஒன்றுமில்லை. பின்னுக்கு வந்து மறுபடி அழுத்தினார். கால்மிதியை எடுத்துப் பின்சில்லுக்குக் கீழே கொடுத்தார். கையால் பனியைத் தோண்டினார். சங்கிலியைக் கழற்றி மறுபடி போட்டார். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போய்விட்டது. தொலைபேசியில் சிக்னல் ஒரு கோடும் இல்லை. அத்தனை பெரிய வெண்மையில் ஒரு சத்தமும் இல்லை, பனி விழுவதற்குச் சத்தமே இல்லை என்பதை நான் அதுவரை யோசித்ததில்லை. எனக்குப் பயம் வந்தது. திங்கட்கிழமை போய்விடும் போலிருந்தது.

தள்ளிப் பார்க்கிறேன் என்று இறங்கினேன். பக்கவாட்டில் கை வைத்துத் தள்ளும்போது கீழே பார்த்தேன். சங்கிலி போட்ட பின்சில்லு அசையாமல் நின்றது. முன்னால் வெறும் சில்லு பனியை வாரி இறைத்துக்கொண்டு சுழன்றது. கொஞ்ச நேரம் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் கண்ணாடியில் தட்டினேன்.

"இஞ்சேருங்கோ, சங்கிலி போட்ட சில்லு சும்மா நிக்குது. முன்சில்லுதான் சுத்துது."

இறங்கி வந்து பார்த்தார். மறுபடி ஏறி அழுத்தி, கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"பத்து வருசமாய் ஓடுறன்" என்றார். "முன்னுக்கு இழுக்கிற கார் எண்டு எனக்குத் தெரியாமப் போச்சே."

ஏசுவதைப் பிறகு பார்க்கலாம் என்று ஒரு சங்கிலியை நானே கழற்றி எடுத்துக்கொண்டு முன்சில்லுக்குப் போனேன். உள்வளையத்தைச் சில்லுக்குப் பின்னால் கொண்டுபோய் மேலே கொளுவ வேண்டும். பிறகு வெளிப்பக்கம் கொளுவி, மிஞ்சுகிற சங்கிலியை இழுத்து இறுக்க வேண்டும். விரலில் உணர்ச்சி இல்லை. ஆனாலும் கைக்கு அந்த வேலை தெரிந்திருந்தது. கலியாணப் பெண்களுக்கு எத்தனை சீலை உடுத்திவிட்டிருப்பேன். உள்ளே சுற்று, வெளியே கொண்டு வா, கொய்யக மடிப்பை இழு, செருகு. இவர் தன் பக்கத்தை முடிக்க முன்னமே நான் முடித்துவிட்டேன். அவர் என் சில்லைப் பார்த்தார், தன்னுடையதை அவிழ்த்து என்னுடையதைப் போல இறுக்கினார்.

கார் அசைந்தது. இரும்பு பனிக்குள் இறங்கிக் கீழே எங்கேயோ இருந்த நிலத்தைக் கண்டுபிடித்ததை என் பாதத்தால் உணர்ந்தேன். இருபது மீற்றர் போய் இறங்கி மறுபடி இறுக்கினோம். பிறகு ஏறத் தொடங்கியது, அவசரமே இல்லாமல், அந்தப் பள்ளத்தையும் வேலியையும் கணக்கில் எடுக்காமல். நான் கேட்ட சத்தங்களிலேயே அழகான சத்தம் அது, நறுக் நறுக்கென்று. கடவுளே, இத்தனூண்டு இரும்பு என்று நானே சொன்னேனே.

ஐந்தாவது வளைவோ ஆறாவதோ. றோட்டின் நடுவில் ஒருவர் நடந்து வந்துகொண்டிருந்தார். தலையிலும் தோளிலும் பனி. தம்பி.

காரை நிறுத்த முன்னமே நான் கதவைத் திறந்துவிட்டேன். ஜக்கெற்றுக்குள் நெஞ்சோடு எதையோ கட்டிப் பிடித்திருந்தான். எங்கள் கடைப் பையில் சுற்றிய வழக்குக் கோப்பு. கால்களைப் பார்த்தேன். சாதாரணச் சப்பாத்து. அதன்மேல் உடுக்கிற சாரத்தைக் கிழித்து, குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, முடிச்சு முடிச்சாகக் கட்டியிருந்தான். அந்த முடிச்சுகள் பனியைப் பிடிக்க, ஒன்பது கிலோமீற்றர் இறங்கி வந்திருக்கிறான். கீழே ஸ்ரேசனுக்கு இன்னும் அவ்வளவு இருந்தது. இவனுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது? இவர் குனிந்து அந்தத் துணிக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நாள் கடையில் சிரித்தது ஞாபகம் வந்திருக்கும்.

நாங்கள் வருவோம் என்று தெரியாதா, ஏன் இறங்கினாய், விழுந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று நான் ஏசினேன். அழுதுகொண்டே ஏசினேன்.

"வருவியள் எண்டு தெரியும், அக்கா" என்றான். "ஆனால் இருந்து பார்த்துக்கொண்டிருக்க என்னாலை ஏலாது. அண்ணைக்கு அப்பிடித்தான் இருந்தனான்."

காரைத் திருப்பினோம். பின்னுக்கு அவனோடு நான் ஏறினேன். சங்கிலியோடு மெதுவாகத்தான் போகலாம். அந்த நறுக் நறுக் சத்தத்துக்குள் அவன் சொல்லத் தொடங்கினான். விடியக்காலம் அண்ணை தண்ணி எடுக்கப் போனது. அசையாதே, இந்த மரத்தடியிலேயே இரு, வந்து கூட்டிக்கொண்டு போவேன் என்று சொல்லிவிட்டுப் போனது. இவன் இருந்தது. பகல், இரவு, மறுபடி பகல். சனம் எல்லாம் எழும்பிப் போனபோதும் இருந்தது. கடைசியில் யாரோ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. தேடிப் போயிருக்க வேண்டும், தேடிப் போயிருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

நீலப் பலகை பின்னுக்குப் போனது. பனி முடிந்து தார் றோட்டு வந்தது. தாருக்கு வந்ததும் சங்கிலியைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் அறுந்து போகும், ரயரையும் தின்றுவிடும் என்று கடையில் நாலு தரம் சொல்லியிருந்தார்கள். இரும்பு தாரில் அடித்த அடியில் கார் அதிர்ந்தது. தம்பி அந்தச் சத்தத்துக்கு மேலாகக் குரலை உயர்த்திச் சொல்லிக்கொண்டு போனான். கண்ணாடியில் இவரைப் பார்த்தேன். காரில் ஒரு கீறல் விழுந்தால் சாப்பிடாமல் இருக்கிற மனிதர், கார் உடைந்தாலும் உடையட்டும் என்று ஓட்டிக்கொண்டிருந்தார். தம்பி சொல்லி முடித்தபிறகுதான் ஓரத்தில் நிறுத்தினார். சங்கிலி இரண்டு இடத்தில் அறுந்து தொங்கியது.

திங்கட்கிழமை தம்பி முக்கால் மணித்தியாலம் பேசினான். மூன்று வாரத்தில் அவனை அகதியாக ஏற்றுக்கொண்ட கடிதம் வந்தது.

கடிதம் வந்த அன்று பின்னேரம் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். கடிதத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு அண்ணையைப் பற்றியும் சொன்னேன், தண்ணி எடுக்கப் போனதையும் மரத்தடியையும். அம்மா ஒன்றே ஒன்று கேட்டா.

"சின்னவன் அவனுக்காண்டி இருந்து பார்த்தவனோ?"

"ஓம் அம்மா. சனம் எல்லாம் போனாப்பிறகும் இருந்தவன்."

"அது காணும், அது போதும்" என்றா அம்மா.