துரையின் நாற்காலியும் என் மூல வியாதியும்

நான் மரியாதை தெரிந்தவன் என்று மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு காலத்தில் பேசிக்கொண்டார்கள். அந்த மரியாதை என் உடம்பின் எந்த இடத்தில் பிறந்தது என்பது என் மனைவிக்கும் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சருக்கும் மட்டுமே தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் நான் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் சின்னக் கிளாக்கர். காலையில் மர ஸ்டூலில் ஏறினால் சாயந்தரம்தான் இறங்குவேன். கக்கூஸ் வீட்டுக்குப் பின்னால், மழையில் நனைந்து போக வேண்டிய தூரத்தில் இருந்தது. அந்தக் குளிரில் விடியற்காலையில் அங்கே போக எவனுக்கு மனசு வரும்? வந்ததை அடக்கிக்கொள்வேன். போகிற அன்று முந்தாநாள் பத்திரிகையையும் கொண்டுபோய், கடைசி விளம்பரம் வரை வாசித்து, முக்கி முனகித் திரும்புவேன். மூன்று வேளையும் கோதுமை மாவு ரொட்டி, தேங்காய்ச் சம்பல். தண்ணீர் குடித்தால் சளி, தடிமன் பிடிக்கும் என்று வெறும் தேநீர். மூலம் வராமல் வேறென்ன வரும்?

வந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தால் நெருஞ்சி முள்ளில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. மேசை உயரமானது என்பதால் நின்றுகொண்டே எழுதப் பழகினேன். சுதந்திரம் வந்த பிறகு மரியாதை குறைந்துபோயிற்று என்று புழுங்கிக்கொண்டிருந்த எங்கள் வெள்ளைக்காரப் பெரிய துரை இதைப் பார்த்தார். உட்காரச் சொன்னார். "பரவாயில்லைங்க துரை" என்று நின்றேன். தனக்குக் காட்டும் மரியாதை என்று நினைத்து அவர் உருகிவிட்டார். வேறு வழியில்லாமல் பெரிய கிளாக்கரும் நிற்க வேண்டியதாயிற்று. அவர் என்னைப் பார்த்த பார்வையில் பாலே திரிந்திருக்கும்.

சில மாதங்களில் பெரிய கிளாக்கர் ஹட்டன் பக்கம் மாறிப்போகத் தயாரானார். துரையும் சீமைக்கே திரும்பப்போகிறார் என்று தெரிந்தது. அவர் என்னைக் கூப்பிட்டுத் தன் தமிழில் சொன்னார்: "பெரிய கிளாக்கர் வேலை ஒனக்குத்தான். நீ எப்பவும் நிக்கிறது. நம்ம போற நாள், நம்ம நாக்காலியில நீ உக்காரணும். எல்லாரும் பாக்கணும்."

அந்த நாற்காலி தேக்குப் பலகை. மறுத்தால் துரைக்கு அவமானம், வேலையும் போகும். உட்கார்ந்தால் நான் போடும் சத்தத்தில் தோட்டம் முழுக்க விஷயம் தெரிந்துவிடும். கையில் இருந்தது மூன்று வாரம். எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

மனைவியிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "நாளைக்கே டிஸ்பென்சருகிட்ட போங்க. இன்னும் வெக்கப்பட்டீங்கன்னா அந்த நாக்காலியில ஒப்பாரிதான் வைக்கணும்" என்றாள்.

டிஸ்பென்சர் பார்த்தார். "ரத்தம் போகுதா?"

"கொஞ்சம்."

"அத மொதல்லயே வந்து சொல்றதில்லையா கிளாக்கரையா? வேற நோவாயிருந்தா என்ன செய்வீங்க? அடுத்த வாரம் வாங்க. ரத்தம் நிக்கலன்னா பெரிய ஆஸ்பத்திரிதான்." களிம்பு ஒன்றைத் தந்தார். "இது கொஞ்சந்தான் செய்யும். மிச்சத்த நீங்கதான் செய்யணும். வந்தா அடக்காதீங்க, வரலன்னா முக்காதீங்க. பேப்பர வீட்லயே வச்சிட்டுப் போங்க. தண்ணி, கீரை, நடை. அவ்வளவுதான்."

அன்றிலிருந்து என் வயிற்றின் நிர்வாகம் மனைவி கைக்குப் போயிற்று. பத்திரிகை டிரங்குப் பெட்டிக்குள், சாவி அவள் இடுப்பில். காலையில் எழுப்பி, ஒரு செம்பு வெந்நீரைக் குடிக்க வைத்து, குடையைக் கையில் கொடுத்துப் பின்கதவைத் திறந்துவிடுவாள். ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள வல்லாரையும் முள்ளங்கியும் கோவா என்கிற முட்டைக்கோசும் வந்தன. சாயந்தரம் மகளைக் குளிப்பாட்டும் தகரத் தொட்டியில் இளஞ்சூடாகத் தண்ணீர் ஊற்றி, "ம், உக்காருங்க" என்பாள். அது தன்னுடைய தொட்டி என்று மகள் பக்கத்தில் நின்று அழுவாள்.

இரண்டாம் வாரம் ரத்தம் நின்றது. மூன்றாம் வாரம் மெத்தையில் உட்கார முடிந்தது. பலகையில் உட்கார்ந்து பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை.

அந்த நாளும் வந்தது. ஆபீஸ் முற்றத்தில் கங்காணிமார், தொழிலாளர்கள், எங்கள் குடும்பங்கள், நடுவில் அந்த நாற்காலி. துரை எனக்கு மாலை போட்டு, தோளில் தட்டி, "உக்காரு" என்றார். கைப்பிடிகளைப் பற்றிக்கொண்டு, முட்டையின் மேல் உட்காருவது போல் மெல்ல இறங்கினேன்.

வலிக்கவில்லை. முழுப் பாரத்தையும் இறக்கினேன். அப்போதும் வலிக்கவில்லை. எட்டு மாதத்துக்குப் பிறகு மனுஷனைப் போல உட்கார்ந்திருக்கிறேன். என்னை மீறித் தேம்பித் தேம்பி அழுதேன்.

துரையின் கண்ணும் கலங்கிவிட்டது. கைக்குட்டையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, "இந்த மாதிரி விசுவாசம் நம்ம ஊர்லயும் இல்லே" என்றார். டிஸ்பென்சர் ஆபீஸ் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டத்தின் பின்னால் என் மனைவி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். அவளும் அழுகிறாள் என்று நினைத்து, துரை அவளுக்கும் ஒரு கும்பிடு போட்டார்.